ஏழாவது விதியும் முன் சீட்டும்

போடியில் வண்டி பழுது பார்க்கும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதில் இருபத்தாறு வருஷம் எழுத்தராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றேன் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். சங்கத்தில் விசாரித்தால் கம்ப்யூட்டர் வாங்கினோம் என்பார்கள்.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் கவிதா படித்த பெண், மரியாதை தெரிந்தவர். போன மாதம் வீடு தேடி வந்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார். உங்கள் காலத்தில் வாடிக்கையாளர் புகாரையெல்லாம் எப்படித் தீர்த்தீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதினால் போதுமாம். என் காலம் என்று ஒன்று இருந்து அது முடிந்தும் போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது இரண்டு பக்கத்தில் நிற்காது. வெட்டுகிற வேலையை அவரே செய்துகொள்ளட்டும். ஆனால் என்னைக் கேட்டுவிட்டு வெட்டட்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

சங்கம் பட்டறைக்காரர்களுடையது. புகார் வருவதும் பட்டறைக்காரர்கள் மேல்தான். ஆக, எனக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் மேல் வருகிற குற்றச்சாட்டை நானே வாங்கி, நானே எழுதி, அவர்களையே கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை. இங்கே தீராத புகார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும், அங்கேயும் தீராவிட்டால் தேனிக்கு, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகும். அதற்கு ரைட்டர் தேவலை என்று நினைத்தார்கள். ரைட்டர் என்பது நான்தான். என் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் எழுத்து வேலைக்கு வந்ததும் திறமையால் அல்ல. பள்ளிக்கூடம் முடித்து ஒரு ஜீப்புப் பட்டறையில் இரண்டு வருஷம் இருந்தேன். நான் ஸ்பேனர் பிடித்தால் போல்ட்டின் தலை வழுக்கிப் போகும். முதலாளி நல்ல மனுஷர், திட்டவில்லை. ஒருநாள் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி வைத்துவிட்டு பில் புத்தகத்தைக் கொடுத்தார். அதன்பிறகு உதிரிபாகக் கடை ஒன்றில் கணக்கு, அங்கிருந்து சங்கம். வண்டியைப் பற்றி எல்லாச் சொல்லும் தெரிந்த, வண்டியைத் தொடத் தெரியாத ஆள் என்பதால் நான் நடுநிலையானவன் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடை மாடியில் ஆபீஸ். படி குறுகலானது, செங்குத்தானது. கோபமாக ஏறி வருகிறவருக்கு மேலே வரும்போது மூச்சு வாங்கும், பாதிக் கோபம் படியிலேயே போய்விடும். மீதியை எங்கள் தலைவர் பார்த்துக்கொள்வார்.

தலைவர் வேலுச்சாமி லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். வருஷக்கணக்காக மெஷின் சத்தத்தில் நின்று இடது காது போய்விட்டது. இரண்டு கட்சியும் வந்து உட்காரும்போது, அதிகம் கத்துகிறவர் எவரோ அவரை இடது பக்க நாற்காலியில் உட்காரச் சொல்வார். அவர்களும் தலைவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்ததே என்று சந்தோஷமாக உட்காருவார்கள். புகார்க் காகிதத்தை அவர் கையால் தொட்டதில்லை. நான் வாசித்து முடித்ததும் ஒரே வார்த்தைதான் சொல்வார்.

"பழசக் கொண்டா."

எங்கள் முறையே அதுதான். வண்டியில் எதைக் கழற்றிப் புதிதாகப் போட்டாலும், கழற்றிய பழைய சாமானைச் சாக்கில் கட்டி வண்டிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். புகார் கொடுக்க வருகிறவர் அந்தச் சாக்கோடு வர வேண்டும். சாக்கு இல்லாவிட்டால் புகார் இல்லை. தலைவர் மேசையில் செய்தித்தாள் விரித்து, சாமானை ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள், இவர் துடைத்துக்கொண்டே இருப்பார். துடைத்து முடித்ததும் தீர்ப்பும் முடிந்திருக்கும். ஒருமுறை ஜீப்பில் கழற்றியது என்று ஒரு பட்டறைக்காரர் கொடுத்த பழைய தாங்கியைத் துடைத்துப் பார்த்தால், அது அம்பாசடர் காருடையது. தலைவர் அதை அவர் பக்கம் நகர்த்தி, "இந்தக் கார்க்காரரு எப்ப வர்றாராம்?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பட்டறைக்காரர் அடுத்த ஆறு மாதம் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.

எனக்கு வந்த புகார்கள் மூன்றே வகை. கேட்ட வேலையைச் சரியாகச் செய்யவில்லை. கேட்காத வேலையைச் செய்துவிட்டார்கள். செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்கிறார்கள். இந்த மூன்றில் அடங்காத புகார் ஒன்றே ஒன்றுதான் வந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

துடைத்தும் தீராத புகாருக்கு இறக்கம் என்று ஒன்று வைத்திருந்தோம். மலை பக்கத்தில் இருக்கிற ஊருக்குத்தான் இந்த வசதி. வண்டியில் லோடு ஏற்றி, முந்தல் வழியாகப் போடிமெட்டு வரை ஏறி, டீ குடித்துவிட்டு இறங்க வேண்டும். ஓட்டுவது வண்டிக்காரர் தரப்பு. பின்னால் சங்கத்தின் ஆளாக நான். முன் சீட்டில் வேலை செய்த மெக்கானிக். என் வேலையில் குறையே இல்லை என்று ஆபீசில் சத்தியம் செய்தவர், கொண்டை ஊசி வளைவில் பள்ளத்தைப் பார்த்தபடி அதே சத்தியத்தின் மேல் உட்கார்ந்து வர வேண்டும். முந்தல் செக்போஸ்ட் வரும்போதே வயிறு வலிக்கிறது என்று இறங்கியவர்கள் நாலைந்து பேர் உண்டு. இறங்கியதும், "கொண்டாங்க, இன்னொரு தடவை பாத்துருவோம்" என்பார்கள். மலையில் எந்த வக்கீலும் இல்லாமல் இப்படி எத்தனையோ வழக்கு முடிந்திருக்கிறது.

இவ்வளவு நல்ல முறை இருக்கும்போது விதிகள் எதற்கு என்று கேட்கலாம். எழுதத் தெரிந்த ஒருவனை நாற்காலியில் உட்கார வைத்தால் அவன் எழுதத்தான் செய்வான். நான் பதினொரு விதிகள் எழுதி, அச்சடித்து, ஒவ்வொரு பட்டறையிலும் ஒட்டச் செய்தேன். அதில் ஏழாவது விதியின் மேல் எனக்குத் தனிப் பிரியம். வண்டிக்காரரைக் கேட்காமல் செய்த வேலைக்குக் கூலி கிடையாது, புதிதாகப் போட்டதைப் பட்டறைக்காரர் கழற்றிக்கொள்ளலாம், ஆனால் பழையதை முன்பு இருந்தபடியே மாட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அந்த விதி. தலைவருக்கு வாசித்துக் காட்டியபோது காதைத் திருப்பி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "பிரேக்குக்கும் இதுதானா, ரைட்டரு?" என்றார்.

"விதின்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான் தலைவரே" என்றேன். அவர் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பினார். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த விதிக்கு வேலை கொடுத்தவர் ஜெயராசு. போடியில் ஜீப்பு வேலைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் என் பதிவேட்டில் பாதிப் பக்கம் அவர் பெயர்தான். யாரையும் எதையும் கேட்க மாட்டார். ஹாரன் அடிக்கவில்லை என்று வண்டியை விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது ரேடியேட்டர் தனியாகக் கிடக்கும். வயிற்று வலிக்குப் போனவருக்குப் பல்லையும் பிடுங்கி அனுப்புகிற டாக்டர் மாதிரி. ஏன் கேட்கவில்லை என்றால், "கேட்டா வேணாம்பாங்க" என்பார். இதை ஒரு பதிலாக நினைத்துத்தான் சொல்வார்.

ஒரு ஏலக்காய் எடுப்புக் காலம். சிலமலையிலிருந்து பேச்சியம்மாள் என்று ஒரு அம்மாள் படியேறி வந்தார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. தினமும் விடியும்போது சிலமலையிலிருந்து பதினொரு பெண்களைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, மெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறைத் தோட்டத்துக்குக் காய் எடுக்கக் கூட்டிப்போகிறவர். ஜீப்பை ஓட்டுவது அவர் கணவர் சீனி. சீனியை ஓட்டுவது பேச்சியம்மாள். சீனியும் கூடத்தான் வந்திருந்தார், சாக்கைச் சுமந்துகொண்டு. சாக்கை வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார்.

கிளட்சு வழுக்குகிறது, அதை மட்டும் பார் என்று ஜெயராசுவிடம் ஜீப்பை விட்டிருக்கிறார்கள். அவர் கிளட்சைப் பார்த்த கையோடு, ஒரு வார்த்தை கேட்காமல் பிரேக்கு முழுவதையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டு வைத்திருக்கிறார். கேட்காத வேலைக்குக் கூலி தர முடியாது என்று பேச்சியம்மாள் சொல்ல, அப்படியானால் வண்டி இங்கேயே நிற்கட்டும் என்று ஜெயராசு சொல்ல, ஐந்து நாளாக ஜீப்பு பட்டறையில் நிற்கிறது. பெண்களுக்கு ஐந்து நாள் வேலை போச்சு. திங்கட்கிழமைக்குள் வண்டி ஓடாவிட்டால் அவர்கள் வேறு ஜீப்பில் ஏறிவிடுவார்கள், பிறகு அந்த ஆட்களும் இல்லை, தோட்டமும் இல்லை.

பேச்சியம்மாளின் பிடிவாதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முந்தின வருஷம் வேறொரு பட்டறையில் சைலன்சருக்கு வெல்டிங் வைக்க விட்ட வண்டியில் கியர் பாக்சைத் திறந்துவிட்டார்கள். நன்றாக இருந்த கியர் அதன்பிறகு தோட்டப் பாதையில் நாலு தடவை காலை வாரியிருக்கிறது. "எவனும் எங்கிட்ட கேக்கவே மாட்டான்னா, அது என் வண்டியா, அவன் வண்டியாண்ணே?" என்றார். கேட்டுவிட்டு, பட்டறைச் சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு வந்த என்னுடைய விதித்தாளை மேசையில் வைத்து, ஏழாவதின் மேல் விரலை வைத்தார். ஒருவர் என் எழுத்தை இவ்வளவு மதித்தது அதுதான் முதல் தடவை. அந்த இடத்திலேயே நான் பாதி சாய்ந்துவிட்டேன்.

தலைவர் அப்போது ஊரில் இல்லை. கண்ணில் புரை எடுக்க மதுரைக்குப் போயிருந்தார். இருபத்தாறு வருஷத்தில் நான் தனியாகத் தீர்ப்புச் சொன்ன ஒரே வழக்கு அதுதான். முறைப்படி செய்ய வேண்டும் என்று ஜெயராசுவையும் வரவழைத்து, செய்தித்தாள் விரித்துச் சாக்கை அவிழ்த்தேன். மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, சக்கரத்துச் சிலிண்டர் நான்கு, எண்ணெய் போகிற ரப்பர் குழாய் மூன்று, லைனர் எட்டு. மொத்தம் பதினாறு. ஜெயராசு எழுதிக் கொடுத்த பட்டியலிலும் பதினாறு. ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்தேன். கை கறுப்பாகிவிடுமே என்று பேனா முனையால் தள்ளித் தள்ளி எண்ணினேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த ஜெயராசு, "எண்ணாதீங்க ரைட்டரண்ணே, அதப் பாருங்க" என்றார்.

அவரிடம் நான் அன்று சொன்ன வாக்கியம் அச்சடித்தது போல இன்னும் நினைவிருக்கிறது. அப்போது அதைச் சொன்னதில் எனக்கு ஒரு பெருமை. "பழசு எப்படியிருக்குங்கிறது இங்க கேள்வி இல்ல ஜெயராசு. நீங்க கேட்டீங்களா, கேக்கலையா?"

அவர் கேட்கவில்லை. தீர்ப்பை எழுதினேன். ஏழாவது விதிப்படி புதியதைக் கழற்றிக்கொண்டு, பழையதை இருந்தபடி மாட்டித் தர வேண்டும். ஜெயராசு அதை வாங்கி வாசித்தார். அதைக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாரே, திருந்திவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

ஜெயராசு பழையதை மாட்டிவிட்டார், அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் திங்கட்கிழமை காலை இறக்கம். சோதனைக்கு லோடு வேண்டும், வழக்கமாக மணல் மூட்டை வைப்போம். மணல் எதற்கு, என்னிடம்தான் லோடு இருக்கிறதே என்றார் பேச்சியம்மாள். பதினொரு பெண்களும் தூக்குவாளியோடு பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சோதனையும் ஆகும், வேலையும் கெடாது. விதியில் லோடு என்றுதான் எழுதியிருந்தேன், மணல் என்று எழுதவில்லை. சரி என்றேன்.

ஜெயராசு தன் பைக்கோடு நின்றிருந்தார். ஏறுங்கள் என்று முன் சீட்டைக் காட்டினேன். அவர் அசையவில்லை.

"என் வேலைக்கு நான் ஒக்காருவேண்ணே. இது என் வேலை இல்ல. நீங்க எழுதிக் குடுத்த வேலை. முன் சீட்டு ஒங்களுக்கு."

பெண்கள் சிரித்தார்கள். என்னால் மறுக்க முடியவில்லை, ஏனென்றால் வேலை செய்தவர் முன்னால் உட்கார வேண்டும் என்பது மூன்றாவது விதி. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். ஏறி உட்கார்ந்தேன்.

ஏற்றத்தில் பிரேக்குக்கு அவ்வளவாக வேலை இல்லை. முந்தல் தாண்டி மூன்று நான்கு வளைவு வரை எனக்கு நல்ல தைரியம் இருந்தது. பின்னால் பேச்சியம்மாள் யாரோ ஒருத்தியின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அடுத்த வளைவில் மேலிருந்து ஒரு லாரி வந்தது. சீனி ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினார். அப்போது முன் சீட்டில் இருந்த எனக்கு அவர் கால் தெரிந்தது. அவர் பிரேக்கை ஒரு தடவை மிதிக்கவில்லை. மூன்று தடவை மிதித்தார். முதல் இரண்டுக்கு ஜீப்பு நின்றுவிடவில்லை, மெல்லப் பின்னால் நகர்ந்தது. பின்னால் பேச்சு நின்றது. மூன்றாவது மிதிக்குப் பிடித்தது. லாரி போனது. சீனி முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மறுபடி கியர் போட்டு ஏறினார். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

பள்ளத்தைப் பார்க்க வேண்டாம் என்று சீனியின் காலையே பார்த்துக்கொண்டு மெட்டு வரை போய்ச் சேர்ந்தேன்.

மேலே மஞ்சு மூட்டம் இறங்கியிருந்தது. பெண்கள் டீக்கடைக்குப் போனார்கள். நான் சீனி பக்கத்தில் போய், இந்த வழக்கு முழுவதிலும் யாரும் அவரிடம் கேட்காத கேள்வியைக் கேட்டேன். "பிரேக்கு எப்படிண்ணே இருக்கு?"

"மூணு மிதி மிதிச்சா நிக்கும்" என்றார்.

"எப்பருந்து?"

"ரெண்டு மாசமிருக்கும். எறக்கத்துல நாலு."

பேச்சியம்மாள் டீ கிளாசோடு வந்து நின்றிருந்தார். அவருக்குக் கேட்டுவிட்டது. "இத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட?" என்றார் சீனி. கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு சாதாரண விஷயம்.

நான் ஒரு சாக்கைக் கேட்டு வாங்கித் தரையில் போட்டு, படுத்து, ஜீப்புக்கு அடியில் பார்த்தேன். தொடத் தெரியாதே தவிர, பார்த்தால் எனக்கும் தெரியும். ரப்பர் குழாய் உடம்பெல்லாம் வெடித்து, ஒரு இடத்தில் உப்பிப்போயிருந்தது. பின் சக்கரத்தில் உள்பக்கம் முழுவதும் எண்ணெய் வழிந்த ஈரம். இதே குழாயைத்தான் மூன்று நாளைக்கு முன்னால் என் மேசையில் பேனாவால் தள்ளி டிக் அடித்திருந்தேன். பதினொரு பேர், பேச்சியம்மாளையும் சீனியையும் சேர்த்துப் பதின்மூன்று. இதுவும் எனக்கு எண்ணத்தான் வந்தது. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டேன்.

"இது எறங்காது" என்றேன். பூப்பாறைப் பக்கமும் இறக்கம்தான், போடிப் பக்கமும் இறக்கம்தான்.

"அன்னைக்கு நீங்க இதப் பாக்கலையாண்ணே?" என்று பேச்சியம்மாள் கேட்டார்.

"எண்ணினேன்" என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் டீக்கடை பெஞ்சில் ஜெயராசு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். பால் இல்லாத கட்டன் டீ குடித்துக்கொண்டிருந்தார். பைக்கில் எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறார். பைக்கின் பின்னால் ஒரு சாக்கு கட்டியிருந்தது, என் தீர்ப்புப்படி அவர் கழற்றிக்கொண்ட புதுச் சாமான். அவருடைய வியாதி எனக்குத் தெரியும். பழுதான ஒன்றை மலைக்கு அனுப்பிவிட்டுப் பட்டறையில் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது.

பேச்சியம்மாள் அவரிடம் போனார். "போட்டு விட்ருப்பா."

ஜெயராசு எழுந்திருக்கவில்லை. "நீங்க கேக்கிறீங்களாக்கா?"

"அதான் சொல்றேன்ல, போடுன்னு."

"எத எத போடணும்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. ரைட்டரண்ணே எழுதட்டும். பெறகு நான் கேக்காமப் போட்டேன்னு வரக்கூடாது பாருங்க."

அன்று அந்த மனுஷன் எங்கள் இரண்டு பேரையும் வைத்துச் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அந்தப் பாத்தியதை இருந்தது. ஜெயராசு எடுத்துக் கொடுத்த என் தீர்ப்புத்தாளை ஜீப்பு பானெட்டில் வைத்து, அதன் பின்பக்கத்தில் எழுதினேன். மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, போடலாமா? போடு. சக்கரத்துச் சிலிண்டர் நான்கு, போடலாமா? போடு. ரப்பர் குழாய் மூன்று, போடலாமா? போடு. லைனர் இன்னும் ஒரு மாசம் தாங்கும், வேண்டாம் என்று அவரே சொன்னார். எட்டுச் சாமானுக்கும் பேச்சியம்மாள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, இந்த முறை வேறு குரலில் சொன்னார்.

"கேக்குறேன். எம் பிள்ளைகள எறக்கி விட்ருப்பா."

ஜெயராசு கிளாசைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த நிமிஷம் அவர் ஜீப்புக்கு அடியில் இருந்தார். மத்தியானம் தாண்டும் வரை வேலை நடந்தது. அன்றைய கூலி போன பெண்கள் டீக்கடை ஓரம் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைத் தின்றுகொண்டே, ரைட்டர் என்றால் என்ன வேலை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டார்கள். கடைசியில் பிரேக்குக் குழாயிலிருந்து காற்று எடுக்க, மேலே ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும். நான் ஏறி உட்கார்ந்தேன். "மிதிங்க... பிடிங்க... விடுங்க" என்று அடியிலிருந்து ஜெயராசு சொல்லச் சொல்ல மிதித்தேன். முதலில் கால் வழவழவென்று உள்ளே போனது. கொஞ்சம் கொஞ்சமாக அது கெட்டிப்பட்டு, ஒரே மிதியில் கால் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் தடவையாக வண்டியில் நான் உருப்படியாகச் செய்த வேலை அது.

போடிக்கு இறங்கும்போது, பைக்கை டீக்கடையில் விட்டுவிட்டு முன் சீட்டில் ஜெயராசு உட்கார்ந்தார், நாங்கள் யாரும் சொல்லாமலே. நான் பின்னால் பெண்களுக்கு நடுவில். நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எல்லா வளைவிலும் ஒரே மிதி. மறுநாள் விடியும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நின்றேன். ஜீப்பு போனது. பதினொரு பேர் இருந்தார்கள். இந்தத் தடவை எண்ணியதோடு விடவில்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

தலைவர் கறுப்புக் கண்ணாடியோடு மதுரையிலிருந்து வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். பழசைக் கொண்டுவரச் சொன்னார். துடைத்தார். குழாயை இரண்டு விரலால் வளைத்தபோது அது பிய்ந்து கையோடு வந்துவிட்டது. பிறகு நான் டிக் அடித்த பட்டியலை எடுத்து, புதுக் கண்ணால் மேலிருந்து கீழே வரை வாசித்தார்.

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு, ரைட்டரு" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னைத் திட்டியது அவ்வளவுதான். ஏழாவது விதியைத் திருத்திவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அந்த அம்மாள் கேட்டதில் தப்பே இல்லை என்றார். துடைத்து வைத்த சக்கரத்துச் சிலிண்டர் ஒன்றை எடுத்து என் மேசையில் காகிதங்களின் மேல் வைத்தார். நான் ஓய்வு பெறும் வரை அது அங்கேயே இருந்தது, அதன்பிறகு என் வீட்டில்.

ஜெயராசு அதன்பிறகு எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தார். ஒரு நட்டு மாற்றுவதற்குக் கூடப் போன் போடுவார். ஒரு வருஷம் கழித்து, அவரைப் பற்றி ஒரு தோட்டத்து மேனேஜர் படியேறி வந்து புகார் கொடுத்தார். மீட்டிங்கில் இருக்கும்போது ஒரே நாளில் ஒன்பது தடவை போன் செய்து, போடலாமா போடலாமா என்று உயிரை எடுக்கிறாராம். மூன்று வகையிலும் சேராத புகார் இதுதான். எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் இன்னும் எழுதாமலே இருக்கிறது.

போன வாரம், கட்டுரை நீண்டுகொண்டே போகிறது என்று சொல்ல, சங்கத்துக்குப் போயிருந்தேன். கவிதா புது ஏற்பாட்டைக் காட்டினார். இனி மெக்கானிக் பழுதைப் போட்டோ எடுத்து அனுப்புவார். வண்டிக்காரர் போனில் சரி அல்லது வேண்டாம் என்று அமுக்குவார். வேண்டாம் என்று அமுக்கினால் அந்த வேலையை யாரும் தொட முடியாது, எல்லாம் பதிவாகிவிடும், தகராறுக்கே இடமில்லை. என் ஏழாவது விதி கைக்குள் அடங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. அழகாகத்தான் இருந்தது.

"பிரேக்குக்கும் இதுதானாம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார்" என்றார், சந்தோஷமாக.

பையிலிருந்து அந்தச் சிலிண்டரை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். இது எதற்கு என்று கேட்டார். காகிதம் பறக்காமல் இருக்க என்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, சங்கடப்பட்டுச் சிரித்தார். "இங்கதான் இப்பக் காகிதமே இல்லையே சார்."

அது உண்மைதான். இருந்தாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அவரைக் கேட்காமல் வைத்தது என்பதால், ஏழாவது விதிப்படி அவர் அதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுவிடலாம்.